சனிக்கிழமை இரும்பு

அத்தியாயம் 11

கேட் வெளிப்பக்கமாகப் பூட்டியிருந்தது.

அனுசுயா இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்து ஒருமுறை உலுக்கிப் பார்த்தாள். பூட்டு ஆடியது. அவ்வளவுதான்.

மணி ஆறு ஐந்து. ஏழு மணிக்கு அவள் தேனியில், மதுரை ரோட்டு ரத்தப் பரிசோதனை லேபில், கையுறையை மாட்டிக்கொண்டு முதல் ஊசியைப் பிரித்திருக்க வேண்டும்.

லேபை நடத்தும் ஜான்சி மேடம் போன வாரம் சொன்னதை நாமும்தான் கேட்டோம். "வெறும் வயித்துல வந்து உக்காந்திருக்கிறவுக எல்லாம் சுகர் பேஷண்ட். ரெண்டு தடவை விட்டாச்சு அனுசுயா. இன்னொரு தடவை ஏழு தாண்டிச்சுன்னா, திங்கக்கிழமை உன் நாற்காலியில வேற ஆளு இருக்கும்."

அந்த இரண்டு தடவையும் தாமதம் அவளுடையதல்ல. அவள் கொழுந்தன் பாண்டீஸ்வரனுடையது. பழனிசெட்டிபட்டி வாய்க்கால் தெருவில் இருளம்மாள் வீட்டுச் சட்டம் அப்படி. வீட்டுப் பெண் வெளியே போனால் வீட்டு ஆம்பளையின் வண்டியில், பின் சீட்டில் உட்கார்ந்துதான் போக வேண்டும். பஸ் கிடையாது, ஆட்டோ கிடையாது. கணவன் சுரேஷ்கண்ணன் கோயம்புத்தூர் பம்பு கம்பெனியில் இருக்கிறான். மாதம் ஒருமுறை வருவான். மீதி இருபத்தெட்டு நாளும் அனுசுயாவின் நேரம் பாண்டியின் வண்டிச் சாவியில் தொங்கிக்கொண்டிருந்தது.

இன்று ஆடிச் சனி. மாமியார் இருளம்மாள் விடியும் முன்பே பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாளோடு வேன் ஏறிக் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போய்விட்டாள். மூத்த மகன் சுரேஷ்கண்ணனுக்கு ஏழரைச் சனி நடக்கிறது. ஆடி மாதம் ஒரு சனிக்கிழமையும் தவறக் கூடாது. பாண்டி ஐந்தரை மணிக்கு, அனுசுயா குளித்துக்கொண்டிருந்தபோது, "பெட்ரோல் போட்டுட்டு வாரேன் மதினி" என்று வெளியே குரல் கொடுத்தான். வண்டிச் சத்தம் கேட்டது. பூட்டுச் சத்தம் கேட்கவில்லை.

அவள் போன் போட்டாள். நான்காவது மணியில் எடுத்தான்.

"தம்பி, எங்கன இருக்கீக?"

"வண்டி மக்கர் பண்ணிருச்சு மதினி. வீரபாண்டியில மெக்கானிக் வீட்டு வாசல்ல நிக்கேன்."

"கேட்ட எதுக்குப் பூட்டுனீக?"

"நீங்க ஒத்தையில இருக்கீகல்ல. எட்டு மணி ஆயிரும். பேசாம லீவு சொல்லிருங்க."

அவன் குரலுக்குப் பின்னால் ஏதோ ஒரு மெஷின் கடகடவென்று அரைத்துக்கொண்டிருந்தது. மெக்கானிக் வீட்டில் இந்நேரத்துக்கு என்ன மெஷின்?

"தம்பி, இன்னைக்கு லீவு போட்டா எனக்கு வேலையே..."

"போனாப் போகுது விடுங்க" என்றான். போன் அணைந்தது.

அனுசுயா வீட்டுக்குள் வந்தாள். முன்கூடம், நடுவீடு, அடுப்படி. மூன்று அறைகளையும் ஒன்றுமில்லாமல் ஒரு சுற்று சுற்றினாள். கூண்டுக் கோழிகூட இப்படித்தான் சுற்றும் என்று அவளுக்கே தோன்றியது.

அடுப்படிச் சுவரில், கதவோரம், பென்சிலால் எழுதிய பஸ் நேரங்கள் இருந்தன. 6.47, 7.10, 7.27. ஒவ்வொரு ஏழுக்கும் நடுவில் குறுக்காக ஒரு சின்னக் கோடு. நாத்தனார் ஜோதிலட்சுமியின் எழுத்து. போன பொங்கலுக்கு வீடு முழுக்க வெள்ளை அடித்தபோது அந்த ஒரு முழச் சுவர் மட்டும் விட்டுப்போயிருந்தது. பெயிண்டர் மறந்துவிட்டான் என்றுதான் அனுசுயா நினைத்திருந்தாள்.

ஜோதிலட்சுமியை அவள் பார்த்ததே இல்லை. அனுசுயா இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து ஒன்றரை வருஷம். ஜோதி வீட்டை விட்டுப் போய் இரண்டு வருஷம். தேனியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், ஒருநாள் காலையில் போனாள், திரும்பவில்லை. அவள் சைக்கிள் மட்டும் பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றது. பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த நீலச் சைக்கிள். அதைப் பாண்டிதான் போய் எடுத்துவந்தான்.

எடுத்துவந்த நாள் சனிக்கிழமை.

சனிக்கிழமை இரும்பு வீட்டுக்குள் வரக் கூடாது. ஆணிகூட வாங்காத வீடு அது. பாண்டியின் வண்டிகூடச் சனிக்கிழமை தெருவில்தான் நிற்கும். வந்த ஆத்திரத்தில் பாண்டிக்கு அது நினைவில்லை. அடுத்த வியாழக்கிழமை, மத்தியானச் சோற்றுக்குக் கை கழுவப் போன மாமனார் கிணற்றடியிலேயே சாய்ந்தார், எழவே இல்லை. அன்றைக்கு இருளம்மாள் மாட்டுச் சங்கிலியை எடுத்து அந்தச் சைக்கிளைப் பின்கட்டுக் கல்தூணோடு பிணைத்துப் பூட்டினாள். விற்கவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. "சனியனக் கட்டிப் போட்டிருக்கேன். யாரும் கை வைக்கக் கூடாது."

சாவி எங்கே என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். மூன்று வாரமாக அனுசுயா தேடாத இடமில்லை.

தண்ணீர் குடிக்கச் செம்பை எடுத்தபோது முழங்கை பட்டு மேல்தட்டிலிருந்து ஒரு டப்பா விழுந்தது. எள்ளு டப்பா. சனிக்கிழமை தீபத்துக்கு முடிச்சுக் கட்ட இருளம்மாள் மட்டுமே தொடும் டப்பா. ஆடிச் சனிக்கென்று இன்று எள்ளை முழுக்கத் துடைத்து எடுத்துப் போயிருந்தாள்.

காலி டப்பா தரையில் உருண்டது. உள்ளே ஏதோ கலகலத்தது.

மூடியைத் திறந்தாள். அடியில் நாலைந்து எள்ளோடு ஒரு சாவி.

மணி ஆறு பன்னிரண்டு.

பின்கட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள்தான், பூட்டு கிடையாது. அதைத் தாண்டினால் வாய்க்கால் கரை, கரையோடு நூறு அடி போனால் ரோடு. அந்தப் பக்கமாக நடந்தே போகலாமே என்று கேட்கிறீர்களா? நாலு கிலோமீட்டர். நடந்தால் ஒரு மணி நேரம், ஏழு தாண்டிவிடும்.

சங்கிலி அவிழ்ந்தது. அவிழ்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

இன்று சனிக்கிழமை. இரும்பு வெளியே போவதற்குத் தடையில்லை. திரும்பி உள்ளே வரத்தான் வழியில்லை.

*

"யாரு வண்டி தாயி இது?"

மெயின் ரோட்டுச் சைக்கிள் கடை ராக்கையா பால்காரர்களுக்காக விடியலிலேயே கடை திறப்பவர். உருட்டிக்கொண்டு வந்தவளையும் தட்டையாகிப்போன டயர்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்க வீட்டு வண்டிதான். காத்து அடிக்கணும். சீக்கிரம்."

"டயரு வெடிப்பு விட்டிருக்கே. டியூபு தாங்கும், ஆனா கல்லு மேல ஏத்தாத." பம்பை மாட்டினார். செயினுக்கு எண்ணெய் விட்டார். பிரேக் கட்டையை இழுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "முன்னாடி பிரேக்கு பிடிக்கல. பின்னாடி மட்டும் பிடி. ஏந்தாயி, முன்னப்பின்ன ஓட்டியிருக்கியா?"

"ரோட்டுல ஓட்டினதில்ல."

"நல்ல நாளாப் பாத்துத்தான் ஆரம்பிக்கிற. இன்னைக்குப் பாதிப் பஸ்ஸ குச்சனூருக்குத் திருப்பி விட்டுட்டாக. இருக்கிற வேன் பூராவும் இந்த ரோட்டுலதான் பறக்குது."

கந்தைத் துணியால் செயின் கவரைத் துடைத்தவரின் கை நின்றது. அழுக்குக்கு அடியில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு பெயர். ஜோதி.

ராக்கையா நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு மேஜை டிராயரைத் திறந்து, நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்தார்.

"இருளம்மா மருமகளா நீ?"

"ஆமா."

"போன செவ்வாக்கிழமை அந்தப் பிள்ள வந்துச்சு. மூஞ்சிய மறச்சுக்கிட்டு. 'என் சைக்கிள் என்னைக்காவது வெளிய வந்தா, யாரு கொண்டு வாராகளோ அவுக கையில குடுங்கண்ணே'ன்னு சொல்லிட்டுப் போயிருச்சு. பாண்டி கொண்டு வந்தா மட்டும் குடுக்கக் கூடாதாம்."

அனுசுயா சீட்டைப் பிரிக்கவில்லை. பிரிக்க நேரமும் இல்லை. முன்கூடையில் டிபன் பைக்கு அடியில் அதைச் சொருகினாள். கூடவே கொண்டுவந்த மாட்டுச் சங்கிலியும் பூட்டும் பக்கத்தில் கிடந்தன.

மணி ஆறு இருபத்தாறு.

*

லேபில் அவளோடு வேலை பார்க்கும் அப்ரின் உத்தமபாளையத்துக்காரி. சென்னையில் நாலு வருஷம், ராயப்பேட்டை ஹாஸ்டலிலிருந்து அடையாறு வரை தினம் சைக்கிளில் வேலைக்குப் போனவள். "அங்கன எங்க ஆபீஸ்ல பதினாலு பொம்பளைகளைச் சைக்கிள்ல ஏத்திவிட்டிருக்கேன். நீ பதினஞ்சு" என்று சொல்லி, மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில், லேபுக்குப் பின்னால் இருந்த காலிப் பஞ்சுக் குடோனில் மூன்று வாரமாக அனுசுயாவை ஓட்ட வைத்தாள். இரண்டு முறை விழுந்தது, முட்டியில் சிராய்ப்பு, "அடுப்படியில வழுக்கிருச்சு அத்தை" என்று வீட்டில் சொன்னது எல்லாம் முந்தைய வாரங்களில் நடந்தவை.

அப்ரின் சொன்ன முதல் பாடம், "மொத நாளு வேலை நாளா இருக்கக் கூடாது. ஒரு லீவு நாள்ல நிதானமா அதே ரோட்டுல போய்ப் பாத்துட்டு வா. எங்க பள்ளம், எங்க நாய், எல்லாம் தெரிஞ்சுக்க."

அந்த ஒத்திகைக்கு இந்த வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்ததே இல்லை.

முதல் மிதியில் ஹேண்டில்பார் இடமும் வலமும் ஆடியது. இரண்டாவது மிதியில் கொஞ்சம் குறைந்தது. எதிரே வந்த வேன் ஒன்று ஆரன் அடித்துக்கொண்டே போக, அதன் காற்றில் சைக்கிள் ஒரு ஜாண் விலகியது. அனுசுயா பயந்து ரோட்டோர மண்ணில் இறக்கினாள். சக்கரம் மண்ணில் வழுக்கியது. அப்ரின் சொன்னது காதில் ஒலித்தது.

'ஓரமாப் போறேன்னு மண்ணுல எறங்காதடி! தாரு முடியிற எடத்துல இருந்து ஒரு முழம் உள்ள ஓட்டு. ஒளிஞ்சு ஓட்டுனா இடிச்சுப்புட்டுப் போயிருவான். அவன் கண்ணுக்குத் தெரியிற மாதிரி ஓட்டு.'

மறுபடி தாருக்கு ஏறினாள். ஒரு முழம் உள்ளே. முதுகுக்குப் பின்னால் ஒவ்வொரு ஆரனும் தனக்காகத்தான் என்று தோன்றியது. பின்னால் வந்த லாரி அவளைச் சுற்றிக்கொண்டு போனது. அடுத்த லாரியும் சுற்றிக்கொண்டு போனது. அவள் அங்கே இருப்பது அவர்களுக்குத் தெரிகிறது! அதுவே ஒரு பெரிய அதிசயமாக இருந்தது. ஒன்றரை வருஷமாக இந்த ரோட்டில் போகிறாள். பாண்டியின் முதுகைத் தவிர எதையும் பார்த்ததில்லை. இன்று மேற்கே மலை மேல் மேகம் இறங்கியிருந்தது.

பாலத்து ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. இறங்கி உருட்டினாள். 'உருட்டுறது தோத்துப்போறதில்ல. அதுவும் போறதுதான்.' நின்றுகொண்டிருந்த ஒரு பஸ்ஸுக்கு இடப்பக்கம் சந்து இருந்தது, போகவில்லை. பஸ் நகரும்வரை பின்னால் காத்திருந்தாள். படியில் நின்ற ஒருத்தி திடுதிப்பென்று அந்தச் சந்தில்தான் குதித்தாள்.

மணி ஆறு நாற்பத்தைந்து. நேரு சிலை முக்கு தெரிந்தது. அங்கே வலது பக்கம் திரும்பினால் மதுரை ரோடு. அப்புறம் ஐந்து நிமிடம்.

அப்போதுதான் கடகடவென்று அந்தச் சத்தம் கேட்டது.

முக்குக்கு முன்னால், காபித்தூள் அரைக்கும் கடை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கடை வாசலில், ஸ்டாண்டு போட்டு நிறுத்திய வண்டி மேல் சாய்ந்தபடி, கையில் கிளாஸோடு பாண்டி.

வண்டிக்கு ஒரு மக்கரும் இல்லை. அவன் வீரபாண்டிக்குப் போகவே இல்லை. வீரபாண்டி இந்தப் பக்கமே இல்லை.

அவனும் பார்த்துவிட்டான்.

முதலில் அவன் பார்த்தது அவளை அல்ல. நீலச் சைக்கிளை. காபி கிளாஸ் அவன் வாய் வரை போய் அப்படியே நின்றது. பிறகு மெல்லக் கீழே வைத்தான். கத்தவில்லை. வண்டியில் ஏறி உதைத்தான்.

அனுசுயா மிதித்தாள். பத்தடி பின்னால் அந்த வண்டிச் சத்தம். முந்தவில்லை, விலகவில்லை. நடக்கிற வேகத்தில், அவள் பின் சக்கரத்தை முகர்ந்துகொண்டே வந்தது. பீம்... பீம்... விட்டு விட்டு ஆரன்.

"மதினி!" குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நிறுத்துங்க. எறங்குங்க. பின்னாடி ஏறுங்க. ஊரு பாக்குது."

நிறுத்தினால் முடிந்தது. ஏறி உட்கார்ந்தால் வண்டி வீட்டுக்குத்தான் திரும்பும். ஏழு தாண்டும். திங்கட்கிழமை வேறு ஆள். அதன்பிறகு அந்தக் கேட்டைப் பூட்ட யாரும் காரணம்கூடத் தேட வேண்டாம்.

முக்கு வந்துவிட்டது. மூன்று பக்கத்திலிருந்தும் வண்டிகள். வலது பக்கம் திரும்புவதற்கு அப்ரின் பாடம் ஒன்றே ஒன்றுதான். 'பழகுற வரைக்கும் வண்டிகளோட சேந்து திரும்பாத. எறங்கு. பாதசாரி மாதிரி உருட்டிக்கிட்டே குறுக்க போ. கைய நீட்டு. யாரு சிரிச்சாலும் சிரிக்கட்டும்.'

இறங்கினாள். கையை நீட்டினாள். ஆட்டோக்காரன் ஏதோ திட்டினான். போக்குவரத்துப் பெண் போலீஸ் ஒருத்தி விசிலை வாயில் வைத்தபடி இவளைப் பார்த்தாள். சேலையைச் செருகியிருந்த விதத்தையும், கூடையில் கிடந்த மாட்டுச் சங்கிலியையும், பின்னால் விடாமல் ஆரன் அடித்துக்கொண்டு வந்தவனையும் பார்த்தாள்.

விசிலை ஊதினாள். எல்லா வண்டியும் நின்றது.

"போம்மா, போ. சீக்கிரம்."

அனுசுயா உருட்டிக்கொண்டே கடந்தாள். பாதி தூரத்தில் பின்னால் அந்த அம்மாளின் குரல்: "ஏலே, ஒனக்குத் தனியாச் சொல்லணுமா? ஓரங்கட்டு. ஹெல்மெட் எங்க? லைசென்ஸ எடு!"

*

ஆறு ஐம்பத்தெட்டு.

ஜான்சி மேடம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், அனுசுயாவின் வேர்த்த முகத்தைப் பார்த்தார், "முகம் கழுவிட்டு உக்காரு. பன்னெண்டு பேரு இருக்காக" என்றார். அவ்வளவுதான். ஆனால் திங்கட்கிழமைக்கு வேறு ஆள் வேண்டுமென்று எழுதியிருந்த தாளை எடுத்து டிராயருக்குள் போட்டதை அனுசுயா பார்த்தாள்.

"எதுல வந்த?" என்றாள் அப்ரின், ஊசிகளை அடுக்கிக்கொண்டே.

அனுசுயா ஜன்னல் பக்கம் தலையை ஆட்டினாள். வேப்பமரத்தடியில் நீலச் சைக்கிள்.

அப்ரின் ஊசிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு வந்து அவள் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். "எங்கிட்டச் சொல்லாம வந்துட்டியேடி! ஒத்திகைகூடப் பாக்காம!"

"இதுதான் ஒத்திகை."

"அப்ப நாடகம் எப்ப?"

"சாயங்காலம்" என்றாள் அனுசுயா. "வீட்டுக்குப் போகையில."

அப்ரின் சிரித்தாள். அனுசுயா சிரிக்கவில்லை.

நாள் முழுக்க நரம்பு தேடி ஊசி குத்தினாள். ஒவ்வொரு ஊசிக்கும் நடுவில் அதே கணக்கு. சைக்கிளை லேபிலேயே விட்டுவிட்டுப் போனால், பாண்டி வந்து தூக்கிப் போய்விடுவான், இனி இதைக் கண்ணில் காட்ட மாட்டான். வீட்டுக்குக் கொண்டுபோனால் இன்று உள்ளே விட மாட்டார்கள். அத்தையின் பயம் பொய்யில்லை. புருஷனைப் பறிகொடுத்தவள். அனுசுயாவுக்கு அந்த நம்பிக்கை இல்லைதான். ஆனாலும் மத்தியானம் ஒருமுறை கோயம்புத்தூருக்குப் போன் போட்டு, "சாப்பிட்டீகளா? உடம்பு நல்லாருக்குல்ல?" என்று கேட்டாள். கேட்டபிறகு தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

*

"ஏ இருளம்மா! ஒன் மருமக சவாரி வாராடி!"

தெருமுனையிலேயே பஞ்சம்மாளின் குரல் முந்திக்கொண்டது. நாலு மணி வெயில். வாய்க்கால் தெருவில் எல்லா வாசலிலும் ஆட்கள்.

இருளம்மாள் கேட்டுக்கு நடுவில் நின்றாள். நெற்றியில் கோயில் திருநீறு காயவில்லை. விரலெல்லாம் எள்ளெண்ணெய்க் கறுப்பு. அவளுக்குப் பின்னால் பாண்டி, அபராத ரசீதைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு.

"அங்கனயே நில்லு!"

அனுசுயா நின்றாள்.

"இன்னைக்கு என்ன கெழமைடி?"

"சனிக்கிழம அத்தை."

"தெரிஞ்சுதான் செஞ்சியா? அவுக போனது பத்தாதா ஒனக்கு? கோயம்புத்தூர்ல இருக்கிறவனும் போகணுமா?" குரல் கத்தலாகத் தொடங்கி பாதியில் உடைந்தது. "விடியக்காலம் போயி அவனுக்காகத்தான்டி எள்ளு விளக்குப் போட்டுட்டு வாரேன்..."

கோபத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த பதில்களை அனுசுயா விட்டுவிட்டாள்.

"அத்தை, காலையில கேட்டப் பூட்டச் சொன்னது நீங்களா?"

இருளம்மாள் முந்தானையை இழுத்து வாயைத் துடைத்தாள். "நாந்தான். வேலைக்குப் போனவ ஒருத்தி வரல. நீயும் போயிட்டா என் மகனுக்கு யாரு இருக்கா?"

"நான் வந்துட்டேன்ல. இந்தா, ஒங்க முன்னாடிதான் நிக்கேன்."

"பேச்சு எதுக்கு?" பாண்டி முன்னால் வந்தான். "வண்டிய எங்கிட்டக் குடுங்க. பாலத்து மேல இருந்து ஆத்துல தள்ளிட்டு வாரேன்."

"தொடாதீக தம்பி."

அனுசுயா சைக்கிளைக் கேட்டுக்கு வெளியே, தெருவிளக்குக் கம்பத்தின் மேல் சாய்த்தாள். கூடையிலிருந்து மாட்டுச் சங்கிலியை எடுத்தாள். வெளிப்பக்கமாகத் திறந்து கம்பத்தை ஒட்டி நின்ற கேட் கதவின் கம்பிகளில் விட்டு, கம்பத்தைச் சுற்றி, சைக்கிளின் சக்கரத்துக்குள் நுழைத்து இழுத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகினாள்.

"வாசல் தாண்டி உள்ள வரல அத்தை. ஒங்க சொல்லு மீறல. வண்டி வெளியதான் நிக்குது."

"கேட்ட எப்படிடி சாத்துறது?" என்றாள் பஞ்சம்மாள், தன் வீட்டு வாசலிலிருந்தே.

"இன்னைக்குச் சாத்த முடியாது சித்தி" என்றாள் அனுசுயா.

தெருவில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாண்டியின் முகம் கறுத்தது. சங்கிலியை இழுத்துப் பார்த்தான். அது அவன் அப்பா காளைக்கு வாங்கிய சங்கிலி, அசையவில்லை. ஆத்திரத்துக்கு வேறு வழியில்லாமல் கூடையிலிருந்த டிபன் பையை வெடுக்கென்று பிடுங்கினான்.

நாலாக மடித்த சீட்டு காலடியில் விழுந்தது.

காலையிலிருந்து நரம்பு தேடிய அனுசுயா அதை அடியோடு மறந்திருந்தாள்.

பாண்டி குனிந்து எடுத்தான், பிரித்தான். "தொண்ணூத்தேழு... எழுபத்தேழு..." கடைசி எண் வரை படித்துவிட்டு நிமிர்ந்தான். "யாரு நம்பரு மதினி இது?"

அவள் வாயைத் திறப்பதற்குள் எள்ளெண்ணெய்க் கறுப்பேறிய ஒரு கை குறுக்கே வந்து சீட்டைப் பறித்தது.

இருளம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. சீட்டை வெயிலுக்கு நேரே பிடித்தாள். ஒவ்வொரு ஏழுக்கும் நடுவில் குறுக்காக ஒரு சின்னக் கோடு.

அவள் கட்டைவிரல் அந்தக் கோடுகளின் மேல் ஒவ்வொன்றாக நகர்ந்தது. அடுப்படியில் வெள்ளை அடிக்காமல் விட்ட ஒரு முழச் சுவர் அனுசுயாவின் கண்முன் வந்தது. பெயிண்டர் மறக்கவில்லை.

"யாருதும்மா?" என்றான் பாண்டி.

"குச்சனூரு வேன்காரன் நம்பரு" என்றாள் இருளம்மாள். கண் சிமிட்டாமல் சொன்னாள். "அடுத்த சனிக்குக் கூப்பிடணும்னு நாந்தான் இவகிட்ட வாங்கியாரச் சொன்னேன். நீ போய் ஒன் சோலியப் பாருலே."

சீட்டு அவள் இடுப்பு முடிச்சுக்குள் போனது. திரும்பி உள்ளே நடந்தவள் கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு நிமிடம் நின்றாள். சைக்கிளைப் பார்க்காமலே, மருமகளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. வண்டி உள்ள வரலாம்."

அனுசுயா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். காலையில் உலுக்கிய அதே கம்பி. கேட் இப்போது திறந்து கிடந்தது.

நிமிர்ந்தபோதுதான் பாண்டியைக் கவனித்தாள். அவன் தன் சோலியைப் பார்க்கப் போகவில்லை. சுவரோரம் திரும்பி நின்றுகொண்டிருந்தான். ஒரு கை சட்டைப் பைக்குள் போனைத் துழாவிக்கொண்டிருந்தது.

அவன் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. தொண்ணூத்தேழு... எழுபத்தேழு... பத்து எண்களையும் அவன் மறக்காமல் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.